முழங்காலில் ஒரு காது

அந்தப் பிராணியை மனுஷர் யாரும் வரையவில்லையாம். கம்ப்யூட்டரிடம் நாலு வரி சொன்னார்களாம், அதுவே பெற்றுப் போட்டுவிட்டதாம். அதற்குச் சாட்சி பிராணியின் உடம்பிலேயே இருக்கிறதாம்.

இதைத் தங்கை போனில் சொன்னாள். தங்கைக்கு அவள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவருக்கு அவர் கம்பெனி லாரி டிரைவர். டிரைவருக்கு, அந்த விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஆடிப் பார்த்த அவர் மகள். இத்தனை வாய் மாறி வந்த செய்திக்குக் கை கால் முளைத்திருக்கும் என்று தெரிந்தும், அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பிராணியை வரைந்தவள் அவள்தான்.

"என்ன சாட்சியாம்?"

"அது எனக்கு எங்க தெரியும்? எங்க அக்காதான் வரைஞ்சான்னு சொன்னேன். இவர் சிரிக்கிறார். பேரு எங்க போட்டிருக்கு, காட்டுங்கிறார்."

"உன் வீட்டுக்காரருக்கு எதுல நம்பிக்கை இருந்துச்சு?"

"அவரை விடு. பேரு எங்க, அக்கா?"

பதினோரு வருஷமாக அவள் வீடியோ கேம்களுக்குப் பிராணிகள் வரைகிறாள். ஆபீஸில் பட்டப்பெயர் பூச்சியக்கா. மலையளவு அரக்கன், ஏழு தலை நாகம் என்று போஸ்டருக்குப் போகிற பெரிய உருப்படிகள் எல்லாம் கலைத்தலைவர் கைக்குப் போகும். முதல் இரண்டு கட்டங்களில் குறுக்கே வந்து, நாலு அடி வாங்கி, பொசுக்கென்று சாகிற சில்லறைப் பிராணிகள் இவளுக்கு. "அடி வாங்கப் பொறந்ததுக்கு அழகு எதுக்குங்க?" என்று மேனேஜர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வாள்.

ஆடுகிறவர் அரக்கனைப் பார்ப்பது ஒரே ஒரு முறை. சில்லறைப் பிராணியைப் பார்ப்பது அறுநூறு முறை. அறுநூறாவது முறையும் சலிக்கக்கூடாது. இது பாயுமா, பம்முமா என்று அதன் நிழலைப் பார்த்தே அரை நொடியில் தெரிய வேண்டும். அடித்துக் கொன்ற பிறகு, பாவம் என்று ஒரு துளி மனசிலும் ஒட்ட வேண்டும். இதையெல்லாம் ஆறு கோட்டில் கொண்டுவருவது ஒரு வித்தை என்று ஆடுகிறவருக்கும் தெரியாது, ஆபீஸுக்கும் தெரியாது.

எந்தப் பிராணியானாலும் அவள் முதலில் அது தூங்குவதைத்தான் வரைவாள். எப்படிப் படுக்கிறது என்று தெரிந்தால் எப்படி எழும் என்று தெரியும். எழுவது தெரிந்தால் எங்கே வலிக்கும் என்பதும் தெரிந்துவிடும். இப்போது ஊர் வாயில் விழுந்திருக்கும் சேற்றுப் பிராணியையும் அப்படித்தான் பிடித்தாள். அதன் நடை அவள் கணவரின் அண்ணனுடையது. மூட்டு வலிக்காரர், சோபாவிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி, சோபாவை ஒரு திட்டுத் திட்டிவிட்டுத்தான் முதல் அடி வைப்பார். "எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா குடும்பம் ரெண்டாயிடும்" என்றார் கணவர். அண்ணன் விஷயம் தெரியாமலேயே ஆடியவர்கள் அதற்குச் சேத்துமாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாலு அடியில் சாக வேண்டியதை அடிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்களாம். பதினோரு வருஷத்தில் அவள் பிராணி ஒன்றுக்குச் செல்லப்பெயர் வந்தது இதுதான் முதல் தடவை.

இதற்கு முன் வந்த மூன்று விளையாட்டுகளிலும் பெயர்ப்பட்டியலின் கடைசியில் "மற்றும் குழுவினர்" என்றுதான் இருந்தது. அந்த மற்றும்மில் அவள் இருந்தாள். இந்தமுறை பெயர் வருவதாகப் பேச்சு. பட்டியல் மூடுவது அன்று மாலை நாலு மணிக்கு.

அவளை உறுத்திக்கொண்டிருந்தது வதந்தி மட்டும் இல்லை. மூன்று வாரமாகவே அவளுக்கு ஒரு சந்தேகம். அவளுடைய பிராணிக் கோப்பை யாரோ தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு, அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, திறக்கிறார்கள். எந்த மேசையிலிருந்து திறக்கிறார்கள் என்று எண்ணைப் பார்த்தாள். மௌனியின் மேசை. வரைந்த பிராணிகளை நடக்கவும் ஓடவும் வைக்கிற அனிமேட்டர் அவர். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். சேத்துமாமாவுக்கு அவர் செய்ய வேண்டிய அசைவெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. அப்புறம் அங்கே என்ன வேலை?

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய இறக்கைத் தவளை, இறக்கை நிறம் மட்டும் மாறி, வேறொரு கம்பெனி விளையாட்டில் தத்திக்கொண்டிருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. சூடு கண்ட பூனை. யாரையும் கேட்காமல், கணவரிடம்கூட மூச்சு விடாமல், ஒரு பொறி வைத்தாள். சேத்துமாமாவின் இடது முழங்காலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காது வரைந்தாள். அந்தக் காது வெளியே எங்கே தலைகாட்டினாலும் திருடன் பிடிபட்டான்.

காது வெளியே தலைகாட்டிவிட்டது. அன்று காலை கலைத்தலைவர் அறைக்குள் அவள் நுழையும்போதே திரையில் அதுதான் இருந்தது, சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு. ஆனால் எந்தத் திருடன் வழியாகவும் அது போகவில்லை. அந்த ஆபீஸில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, எல்லோருடைய கோப்புகளையும் கம்ப்யூட்டர் தானாகவே அள்ளி விளையாட்டுக்குள் சேர்த்துவிடும். பொறியை ஒரு நகலில் வைக்க வேண்டியவள், படபடப்பில் மூலக் கோப்பிலேயே வைத்துச் சேமித்திருந்தாள். ஊர்ப்பட்ட பேர் ஆடிய சோதனைப் பதிப்பில் அவளே தன் கையால் காதை அனுப்பி வைத்திருக்கிறாள்.

"ஆறு விரல், இடம் மாறின காது, இதெல்லாம் மெஷின் போடுற தப்புன்னு பேசிக்கிறாங்க" என்றார் தலைவர். "இது நீங்க போட்டதா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி ஏன் என்பதாக இருக்கும்.

"பார்த்துச் சொல்றேன் சார்."

"பார்த்துச் சொல்ல என்னம்மா இருக்கு? உங்க பிராணி." அவர் குரல் இதமாக இருந்தது. அந்த இதமே அவளுக்குச் சரியாகப் படவில்லை. "மேல இருந்து சொல்லிட்டாங்க. சர்ச்சை வேண்டாம், பிராணிகள் பக்கத்துல குழுன்னு போட்டு முடிச்சுடுங்கன்னு. காது இல்லாத பழைய கோப்பு, தேதியோட இருந்தா குடுங்க. நான் பேசுறேன்."

"தாள்ல வரைஞ்சதெல்லாம் இருக்கு."

"அதை இன்னைக்குக்கூட வரையலாம்னு சொல்வாங்களே."

குழு என்று போட்டால் குழுவுக்கு மேலே யார் பெயர் இருக்கும்? அவர் பெயர்தான். இவருக்கு இது வசதிதானே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து மதியம் தாண்டும்வரை பழைய பதிப்புகளைத் தோண்டினாள். கம்ப்யூட்டர் பத்து நாளுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை. காது வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மௌனியின் நாற்காலி காலியாக இருந்தது. இன்றைக்கென்று பார்த்து லீவு. எப்படி அமைகிறது பார், என்று பல்லைக் கடித்தாள்.

பக்கத்து அறையில் ஒலிக்காரம்மா ஈரத்துணியைத் தரையில் அறைந்து, சேற்றில் நடக்கும் சத்தம் பதிந்துகொண்டிருந்தாள். பிராணிகளின் உறுமல், முனகல் எல்லாம் அவள் கைவேலை.

"என்னடி பூச்சி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"மௌனி ஏன் இன்னைக்கு வரலை?"

"அவர் ஏன் வரணும்? லீவு எழுதிக் குடுத்துட்டுத்தானே போனார்." ஒலிக்காரம்மா துணியைப் பிழிந்தாள். "கேக்கணும்னு இருந்தேன். உன் மாமாவுக்கு என்கிட்ட குறட்டைச் சத்தம் கேட்டாரே, உனக்குத் தெரியுமா?"

"குறட்டையா?"

"தூங்க வைக்கிறாராம். அது தூங்குற மாதிரி நீ வரைஞ்சு வெச்சிருக்கியாமே. யாரும் கேக்கலை, வேலைப் பட்டியல்லயும் இல்லை. சாப்பாட்டு நேரத்துல உன் கோப்பை நகல் எடுத்து எடுத்து அவரே பண்ணிட்டிருக்கார். 'இவ்வளவு நல்லாப் படுத்திருக்கு, இதை யாரும் பார்க்கலைன்னா பாவம்'னார். அந்த மனுஷன் ஒரே மூச்சுல இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை."

பூச்சியக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. இது கதையோ, தப்பித்துக்கொள்ள முன்கூட்டியே போட்டு வைத்த திட்டமோ என்றுதான் தோன்றியது. பிறகுதான் மனசு கணக்குப் போட்டது: தினமும் நகல் எடுத்திருக்கிறார். மூன்று வாரமாக. அப்படியென்றால் காது முளைக்காத கோப்பு, தேதியோடு, அவரிடம் இருக்கிறது.

"காதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

ஒலிக்காரம்மா மைக்கை அணைத்தாள். துணியை வாளியில் போட்டாள்.

"பார்த்தார். 'இது எனக்கு வெச்ச பொறி'ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் குறட்டை கேக்க வரலை."

"நீ ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ யாரைத்தான் நம்புற, வந்து சொல்றதுக்கு? போனவாரம் என் மைக்கைக்கூடச் சந்தேகமாப் பார்த்தியே."

மணி மூன்றேகால். அவள் மறுபடி தலைவர் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமல், நின்றபடியே சொன்னாள். காதை வைத்தது தான்தான் என்றாள். யாருக்காக என்பதையும் சொன்னாள். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மௌனிக்காகவா? அவர் சொந்த டீயையே இன்னொருத்தருக்குக் குடுத்துட்டுப் போற ஆளும்மா."

"தெரியாது சார். எனக்கு யாரையும் தெரியாது."

"சரி. நகல் அவர்கிட்ட இருந்தா அனுப்பச் சொல்லுங்க. மூணே முக்கால் வரைக்கும் பட்டியலை மேல அனுப்பாம வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

அவர் சொன்னது மெய்யா, ஒப்புக்கா என்று அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து மௌனியின் எண்ணை அழுத்தினாள். அடித்து ஓய்ந்தது. குளித்துக்கொண்டிருப்பாராக்கும். மறுபடி அழுத்தினாள். அதுவும் ஓய்ந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். வண்டி இருக்கிறதா அவருக்கு? ஐந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும் அதுகூடத் தெரியவில்லை.

எழுதி அனுப்பினாள்: காதை வெச்சது நான்தான். உங்களைச் சந்தேகப்பட்டுத்தான். தப்பு. பழைய கோப்பு உங்ககிட்ட இருந்தா மூணே முக்காலுக்குள்ள வேணும்.

"தப்பு" என்ற சொல்லுக்குப் பிறகு இன்னும் ஏதாவது வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்திக்குக் கீழே இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. படித்துவிட்டார். அப்படியானால் குளிக்கவும் இல்லை, வண்டியும் ஓட்டவில்லை. போன் கையில்தான் இருக்கிறது.

மூன்று முப்பத்தெட்டு. மூன்றாம் முறை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.