வெள்ளித் தண்ணீரைத் திருப்பிக் கேட்ட தரணேந்திரன் சார்

செவ்வாய்க்கிழமை காலை காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தையல்காரர் பாஷா போன் செய்தார். "சார், நம்ம கெமிஸ்ட்ரி சார் பூட்டாரு. நெஞ்சு வலியாம்." பையைக் கடையிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

செஞ்சியில் ஒரே பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தோம். நான் கணக்கு, தரணேந்திரன் சார் வேதியியல். மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பத்தவர். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார்.

ஓய்வு பெற்றபின் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார். இரண்டு வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் நிறுத்திப் பேட்டரியில் இணைத்தால் நுண்ணிய வெள்ளித் துகள்கள் தண்ணீரில் கலக்குமாம். குடித்தால் நோயே வராதாம். வீட்டிலேயே தயாரித்தார், தினமும் குடித்தார், தெருவுக்கே பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தார்.

"எறும்பைக்கூட மிதிக்கமாட்டீங்க, கிருமிய மட்டும் கொல்லலாமா சார்?" என்று சீண்டினேன்.

"அது என்னக் கேட்டுகினா உள்ள வருது?" என்று சிரித்தார்.

கெமிஸ்ட்ரி சாரே கொடுக்கிறார் என்றுதான் எல்லோரும் வாங்கினோம். நானும் ஒரு மாதம் குடித்தேன்.

இரண்டாம் ஆண்டில் அவர் முகம் சிலேட்டு நிறமானது. வெளிச்சம் பட்ட போட்டோ பிலிம் கறுக்குமே, அதுபோல உடம்பில் தங்கிய வெள்ளி வெயில் பட்டுக் கறுத்திருந்தது. இது இனி மாறாது என்றார் மருத்துவர். இந்தத் தண்ணீர் எந்த நோயையும் தீர்க்காது என்றும் சொன்னார்.

"சில்வர் நைட்ரேட் பட்டா விரல் கறுக்கும், தொடாதேன்னு வருஷா வருஷம் பசங்கள மிரட்டினவன் நான். வெள்ளியவே குடிச்சிருக்கேன் பாருங்க" என்றார் என்னிடம்.

வேறொருவர் என்றால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். இவர் மறுநாளே துணிப்பையுடன் வீடு வீடாகப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

"இன்னா சார், தண்ணிய போய் திருப்பிக் கேக்கறீங்க?" என்று ஒரு வீட்டில் கேலி செய்தார்கள்.

"எம் மொகத்தப் பாத்துட்டுச் சொல்லும்மா" என்றார். பாட்டில் வந்தது.

பாஷாவுக்குச் சர்க்கரை நோய். காலில் வந்த புண்ணுக்கு மூன்று வாரமாக அந்தத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால்விரல் அழுகிக் கறுத்துவிட்டது. "உங்க தண்ணியே ஆத்திடும் சார், ஆஸ்பத்திரி எதுக்கு?"

"ஆத்தாது பாஷா. நான் சொன்னது தப்பு. கெளம்பு."

"நாளைக்குப் பாக்கலாம் சார்."

"நாளைக்கி கால் இருக்காது. ஆட்டோ வாசல்ல நிக்குது."

மருத்துவமனையில் எல்லோரும் சார் முகத்தையே வெறித்தார்கள். அறுவை சிகிச்சை முடியும்வரை அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. பாஷாவுக்கு ஒரு விரல் போனது, கால் பிழைத்தது.

செவ்வாயன்று சார் வீட்டில் பெருங்கூட்டம். வெளியூர் உறவினர் ஒருவர் சாரின் மனைவி பத்மாவதி அம்மாவிடம் குனிந்து மெல்லக் கேட்டார்: "அக்கா, அந்த வெள்ளித் தண்ணி ஒரு பாட்டிலாவது மிச்சம் இருக்குதா? மூட்டு வலிக்குத்தான்."

அம்மா அழுகையை நிறுத்தினார். சாரின் கன்னத்தை மறைத்திருந்த மாலையை விலக்கினார். "மொதல்ல இதப் பாரு. அப்புறம் கேளு."

அவர் பார்த்தார். கைகூப்பிவிட்டுப் பின்வாங்கினார்.

சென்று வாருங்கள், சார். இனிக் கேட்பவர்களுக்கு நாங்கள் பதில் சொல்கிறோம்.