பாக்கியராஜ் கட்டிய பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் பாக்கியராஜ் வயர்மேனாக இருந்தான். அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவன் வயரிங்கைத்தான் சொல்வார்கள். பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் எங்கு பார்த்தாலும் வயர். மற்றவர்கள் எல்லாவற்றையும் திணித்துக் கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவன் ஒவ்வொரு வயரையும் தலை வாரியதுபோல் படியவைத்து, இரண்டு முனையிலும் எண் போட்ட மஞ்சள் வளையம் மாட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான். "கதவ மூடிட்டா எவன்டா பாக்கப் போறான்?" என்று சூப்பர்வைசர் கத்துவார். கத்திவிட்டுப் போகட்டும். இவன் கை மாறாது.

அப்பாவும் அம்மாவும் தேர்வாய் கண்டிகைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் ஐடிஐ முடித்துக் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் இவன்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான், கம்ப்யூட்டரில் கார் ரேஸ். பஜாரில் மொஹசின் வைத்திருந்த பிரௌசிங் சென்டரில் பிடித்த பைத்தியம் அது. மொஹசின் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, பாக்கியராஜோடு ஐடிஐயில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். "மச்சான்" என்று அவன் கூப்பிட்டால் இவன் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவான்.

சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு 2007இல் வீட்டில் எழுந்தது. அவன் மனைவி சாராள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடையில் தயாராக விற்கும் கம்பெனி செட்டைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"உன்கூட வேல செய்ற குப்புராஜ் அண்ணன் ஊட்ல பாரு, கம்பெனி பெட்டி. ரிப்பேருன்னா போன் போட்டா ஆள் வந்துடறான். நீ துண்டு துண்டா வாங்கியாந்து கோத்துக்கினு இருப்பியா?"

"அதுல கேம் போட்டா இழுத்துக்கினு நிக்கும்டி. கிராபிக்ஸ் கார்டே இருக்காது. வெளிய பளபளன்னு கீது, உள்ள இன்னா போட்டு வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"கேம் ஆடத்தான் கம்ப்யூட்டரா?"

கேம் ஆடத்தான், அதில் என்ன சந்தேகம்! ஆனால் கட்டின பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல முடியுமா? சொல்லாமல் நழுவிவிட்டான்.

அதன்பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவனும் மொஹசினும் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தார்கள். ஒரு தடவை மதர்போர்டு, ஒரு தடவை பிராசஸர், இன்னொரு தடவை பவர் சப்ளை. பவர் சப்ளையைக் கையில் தூக்கி எடை பார்த்து, "இது லேசா கீது, உள்ள ஒழுங்கான சரக்கு இல்ல" என்று கடைக்காரனோடு பாக்கியராஜ் மல்லுக்கு நின்றதை மொஹசின் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். பெட்டியை எங்கே வைத்துக் கட்டுவது என்பதுதான் பிரச்சினை. பாக்கியராஜின் லைன் வீட்டைச் சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். காலையில் துடைத்த மேசையில் மாலையில் கரும்பொடி படிந்திருக்கும். கரண்டோ வரும், போகும், வந்தாலும் ஒழுங்காக நிற்காது.

"உன் ஊட்ல வெச்சா சீக்கிரமே செத்துடும் மச்சான். என் கடையில ஏசி ரூம் கீது, அங்க கட்டு" என்றான் மொஹசின்.

அங்கேதான் கட்டினான். பேனல் போர்டுக்குச் செய்வதை அந்தச் சின்னப் பெட்டிக்கும் செய்தான். வயரெல்லாம் படிந்து கிடந்தன, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட மஞ்சள் வளையம். கம்ப்யூட்டருக்குள் யாராவது நம்பர் வளையம் மாட்டுவார்களா? இவன் மாட்டினான். முதல்முறை சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்று திரையில் வெளிச்சம் வந்தது. மொஹசின் அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். "நீ மனுசனே இல்ல மச்சான், மெஷினு!" அன்றைக்கு பாக்கியராஜ் அடைந்த சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்று கூட யாரும் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கடைதான். வீட்டுக்கு வரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். அக்கம்பக்கத்தில் சாராளுக்கு ஒட்டுறவான மனிதர்கள் யாரும் இல்லை. "அடுத்த வாரம் ஊட்டுக்கே எடுத்தாந்துடறேன்" என்பான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஒரு மாலை கடைக்குப் போனபோது மேசை காலியாக இருந்தது. மொஹசின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எரிஞ்சி போச்சு மச்சான். உள்ளருந்து பொகை வந்துச்சு. ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கினு போனேன். எதுவும் தேறாதுன்னுட்டான், அங்கியே போட்டுட்டு வந்துட்டேன்."

"எதுலருந்து பொகை? பவர் சப்ளையா, வயரா?"

"வயர்னுதான் சொன்னான்."

பாக்கியராஜ் தான் கட்டியதை வயர் வயராக நினைத்துப் பார்த்தான். எங்கே உரசியது? எந்த வளையத்தை அழுத்தி மாட்டினான்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. "மனசத் தளர வுடாத. உனக்கு நானே ஒரு கம்பெனி பெட்டி வாங்கித் தரேன், துட்டுன்னு ஒண்ணும் நீ தர வேணாம்" என்று மொஹசின் சொன்னபோது, இப்படியொரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று உருகிப் போனான். பாவி மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டே விட்டான்!

கம்பெனி பெட்டி வீட்டுக்கு வந்தது. கார் ரேஸ் போட்டால் கார் நின்று நின்று ஓடியது. அவனும் அதை அதிகம் தொடவில்லை. கெட்டுப்போனது வேலையிடத்தில்தான். போட்ட முடிச்சைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துப் பார்த்தான். அவன் முடித்த போர்டை மற்றவர்களைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னான். அவனிடம் கற்றுக்கொண்டவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஆதிகேசவன் அவனைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை பொன்னேரி வீட்டுக்கு வந்து இன்வெர்ட்டருக்கு லைன் இழுத்துக் குடுத்துட்டுப் போப்பா." மேனேஜர் கூப்பிட்டால் மறுக்க முடியுமா? போனான்.

கூடத்து மூலையில் கறுப்புக் கம்ப்யூட்டர் கேபினட் ஒன்று இருந்தது. அதன்மேல் மொஹசின் கடை ஸ்டிக்கர். சூடாகிறது என்று பக்க மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். பிளக் பாயின்ட்டைத் தேடிக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மஞ்சள் வளையங்கள். அவன் போட்ட அதே வரிசையில் எண்கள். ஒரு வயர் எரியவில்லை, ஒரு முனை கருகவில்லை.

"எப்படிக் கட்டியிருக்கான் பாத்தியா?" என்றார் ஆதிகேசவன் பெருமையாக. "ரெடிமேட் செட்டெல்லாம் இதுக்குக் கிட்ட வருமா? அந்த மொஹசின் பையன் தன் கையாலயே கட்டினதாம். நீங்கல்லாம் கத்துக்கணும்பா."

"ஆமா சார்" என்றான் பாக்கியராஜ். இன்வெர்ட்டர் வேலையை ஒரு குறையும் வைக்காமல் முடித்துவிட்டு, பஸ் பிடித்து நேராகக் கடைக்குப் போனான்.

"எரிஞ்சி போச்சுன்னியேடா?"

"இன்னா மச்சான், வந்ததும் வராததுமா. இரு, டீ சொல்றேன்."

"ஆதிகேசவன் சார் ஊட்ல பாத்துட்டு வரேன். உன் கையால கட்டுனதாமே! எந்தக் கைடா அது? காட்டு, பாக்கறேன்."

மொஹசின் முகம் செத்துப் போனது. "அவருதான் கடைக்கு வந்து பாத்துட்டு, இதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன், அல்லா சத்தியமா. யார் கட்டுனதுன்னு கேட்டாரு, வாயில வந்துடுச்சு. எரிஞ்சி போச்சுன்னதுக்கு என்ன ஏன் பேஜார் பண்ற? போய்த் தங்கச்சியக் கேளு."

எந்தத் தங்கச்சி என்று புரியவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாராள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "மொஹசின் உன்னக் கேக்கச் சொன்னான்" என்றான். அவள் கை நின்றது. மறைக்கப் பார்க்கவில்லை.

"அந்தண்ணன் போன் பண்ணாரு. ஒருத்தர் கேக்கறாரு, குடுத்துட்டா பதிலுக்குக் கம்பெனி பெட்டி வாங்கித் தந்துடலாம், ஆனா உங்கிட்ட இன்னான்னு சொல்றதுன்னாரு. எரிஞ்சி போச்சுன்னு சொல்லிடுங்கன்னு நான்தான் சொன்னேன். வித்துட்டேன்னு சொன்னா நீ மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிப்ப."

மொஹசின் ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவன் வியாபாரி. இவளை எந்தக் கணக்கில் வைப்பது?

"வயர்லதான் பொகைன்னு அவன் சொன்னதுலருந்து நான் எப்படி இருந்தேன்னு பாத்தியா இல்லியா? என் கையே போச்சுன்னு உன் மடியில தல வெச்சி அழுதேனே, தலையத் தடவிக் குடுத்தியே! அப்பவாவது சொல்லத் தோணலியா உனக்கு?"

சாராள் அழுதாள். "தோணுச்சு. எத்தினியோ வாட்டி வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நீ ஷிஃப்ட் முடிஞ்சி நேரா ஊட்டுக்கு வந்துக்கினு இருந்த. சொன்னா திரும்ப அங்க போய்டுவ. அதான் சொல்லல."

அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான்.

மறுநாள் சங்கு ஊதியதும் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பாக்கியராஜ் கையில் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றான். ஒரு பக்கம் பஜார், இன்னொரு பக்கம் லைன் வீடு.

"இன்னாப்பா, ஊட்டுக்குப் போலியா?" என்றார் செக்யூரிட்டி.

அவன் திரும்ப உள்ளே நடந்தான். சூப்பர்வைசர் மேசைக்குப் போய், "ரெண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் வேணும்னீங்களே சார், இனிமே தெனமும் நான் இருந்துக்கறேன்" என்றான்.