மைக் பாண்டியின் குசுகுசு

குற்றாலம் மெயினருவியில் ஒரு தடவையாவது குளித்தவர்களுக்குச் சங்கிலிப்பாண்டியின் முகம் தெரியாது, குரல் தெரியும். சட்டையில் தலைமைக் காவலர் என்று இருக்கும். ஊருக்கு அவர் மைக் பாண்டி. அருவிக்கரையில் பக்கத்தில் நிற்கிற ஆள் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலையும் மீறிக்கொண்டு வரும் இவர் சத்தம். ஒருநாள் மைக் ரிப்பேராகி வெறும் வாயாலேயே கூட்டத்தை ஒதுக்கினார், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை! சாரல் சமயத்தில் "ஏலே, செவப்பு டவுசரு, ஓரமா வாலே!" என்பார். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்து குமிந்துவிட்டால் அதே வாய் மரியாதைக்கு மாறிவிடும். "சாமி, பாறை வழுக்கும் சாமி. குளிச்ச சாமி வெளிய வாங்க, குளிக்காத சாமி உள்ள போங்க. சோப்புப் போடாதிய சாமி."

வீட்டிலும் இதே வால்யூம்தான். இவர் காப்பி கேட்டால் எதிர்வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைப்பாள் என்று கேலி செய்வாள் மனைவி அனுசியா. கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளை இல்லை. பண்பொழி மலை முருகனுக்குப் படியேறிப் படியேறி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்று இருவரும் ஓய்ந்திருந்த நேரத்தில், இந்த ஆவணியில் ஒரு பெண் பிறந்தாள். பாண்டி தன் அம்மா பெயரையே வைத்தார், வள்ளித்தாய்.

கார்த்திகை பிறந்ததும் பாண்டிக்குத் தடுமல் பிடித்தது. அருவிச் சாரலில் நிற்கிறவருக்கு அது என்ன புதுசா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். அப்பனுக்கு மூக்கோடு நின்றது, பிள்ளைக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கடியில் குழி விழுந்தது. அழக்கூடத் தெம்பில்லை, கோழிக்குஞ்சு மாதிரி ஒரு முனகல்தான் வந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் உமா மகேஸ்வரி நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். "வைரஸ்தான். சின்னச் சின்ன மூச்சுக்குழாயெல்லாம் வீங்கிச் சளி அடைச்சிருக்கு. ஆக்சிஜன் வைக்கணும்."

ஆக்சிஜன் என்ற சொல் பாண்டிக்கு வேறு மாதிரி கேட்டது. அவருக்குத் தெரிந்தவரை ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்றால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் பாக்கி. "டாக்டரம்மா, கைவிட்டுட்டியளா!" என்று அலறினார் பாருங்கள், வார்டில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் வீறிட்டு எழுந்தன.

வடிவாம்பாள் சிஸ்டர் வேகமாக வந்தார். "அண்ணாச்சி, இது அருவி இல்ல. இங்கன சத்தம் போடுதவங்க வெளிய போயிரணும்." கையோடு ஒரு மாஸ்க்கையும் அவர் முகத்தில் மாட்டிவிட்டார்.

"யாரும் கைவிடல," என்றார் டாக்டர். "இதுக்குன்னு தனியா மருந்து கிடையாது, தானாத்தான் இறங்கும். அதுவரைக்கும் பிள்ளை சோர்ந்துறாம மூச்சுக்குக் கைகொடுக்கோம், அவ்வளவுதான். ஆனா அழுது குழாயைப் பிடுங்காம இருக்கணும். ரத்தத்துல ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்கு மேல நிக்கலேன்னா திருநெல்வேலிக்கு அனுப்பி மெஷின்ல வைக்க வேண்டியிருக்கும்."

மூக்கில் மெல்லிசான குழாய், கன்னத்தில் பிளாஸ்டர், கால் கட்டைவிரலில் சிவப்பு விளக்கு. தலைமாட்டுப் பெட்டியில் அந்த அளவு ஓடிக்கொண்டிருந்தது. வள்ளித்தாய்க்குக் குழாய் பிடிக்கவில்லை. முனகி, தலையை ஆட்டி, கையால் தட்டித் தட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் எண் சரிந்தது. அனுசியா தாலாட்டுப் பாடிப் பார்த்தாள், தட்டிக்கொடுத்துப் பார்த்தாள். ம்ஹூம்! எண்பத்தெட்டு. பாண்டி துண்டை மாஸ்க்குக்கு மேல் பொத்திக்கொண்டு கால்மாட்டில் நின்றார். என் தடுமலை நானே கொண்டுவந்து கொடுத்துட்டேனே என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பையில் போன் அதிர்ந்தது. அருவியில் அவருக்குப் பதிலாக மைக் பிடித்த இசக்கிராஜா. "அண்ணாச்சி, நான் சொல்லுதத ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். நீங்க என்னதான் சொல்லுவிய?"

பாண்டி சிஸ்டரை ஒரு கண்ணால் பார்த்தபடி போனைக் கையால் மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குசுகுசுத்தார். "சாமி, பாறை வழுக்கும் சாமி. குளிச்ச சாமி வெளிய வாங்க, குளிக்காத சாமி உள்ள போங்க..."

கட்டிலில் தலையாட்டம் நின்றது. அனுசியாதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, நிறுத்தாதிய! அவ கேக்கா."

கேட்காமல் என்ன செய்வாள்? அருவிக்குப் பக்கத்திலேயே வீடு. ஆனி ஆடி முழுக்க, அம்மா வயிற்றுக்குள் இருந்தபடியே, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் கேட்ட குரல் அது ஒன்றுதான். பாண்டி முட்டிபோட்டுப் பிள்ளையின் காதருகே குனிந்தார். தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. இசக்கிராஜா எப்போதோ போனை வைத்துவிட்டான், இவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் சாமி, தாயி ஆகிவிட்டது. "சோப்புப் போடாதிய தாயி. ஓரமா நின்னு குளிங்க தாயி." சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

திருநெல்வேலிக்குப் போகவில்லை. மூக்கில் சளி உறிஞ்சி எடுக்கும்போதும், இன்னொரு குழாய் வழியாகப் பால் இறங்கும்போதும் மைக் பாண்டியின் அறிவிப்புத்தான். பக்கத்துக் கட்டில்காரி, தன் பையனுக்கும் சேர்த்து ரெண்டு வரி சொல்லச் சொல்லிக் கேட்டாள்! மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது, ஆக்சிஜனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பிறகு குழாயே இல்லாமல் பார்த்தார்கள். எண் அசையவில்லை. தூக்கத்திலும் இறங்கவில்லை. பிள்ளை அம்மாவிடம் மூச்சு வாங்காமல் பால் குடித்தாள்.

கடைசியில் மிச்சமிருந்தது கன்னத்துப் பிளாஸ்டர்தான். சிஸ்டர் அதைப் பிடித்து உரித்தார்.

வள்ளித்தாய் வாயைத் திறந்தாள். அடேயப்பா, என்ன சத்தம்! முனகல் இல்லை, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் போட்ட கூப்பாடு. "யம்மாடி, யாரு மைக் போட்டது?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. வார்டிலுள்ள பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

பாண்டி பழக்கத்தில் பதறிக் குனிந்தார். "மெதுவா தாயி, மெது..." கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டே, "மன்னிச்சுக்கிடுங்க சிஸ்டர், பிள்ளை சத்தம் போடுதா," என்றார் அதே குசுகுசுவில்.

வடிவாம்பாள் சிஸ்டர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். "அதான் அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி, சத்தம் போடுதவங்க வெளிய போயிரணும்னு. டாக்டரம்மா எழுதிக் கொடுத்துட்டாங்க. தூக்கிட்டு வீட்டுக்குக் கெளம்புங்க."