வீட்டுக்கு விரல் கிடையாது

அப்போ எங்க கொச்சி மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சா ஸ்பிரிட் வாசனைக்கு முன்னாடி மிளகு வாசனைதான் வரும். சுத்தி எல்லாம் மிளகு, சுக்கு மூட்டை அடுக்கின கிட்டங்கி. நோயாளியும் தும்முவார், டாக்டரும் தும்முவார்...

அறுபதுகளோட தொடக்கம். பஜார் வியாபாரிங்க சேர்ந்து நடத்தின சின்ன ஆஸ்பத்திரி அது. பி.ஏ. முடிச்ச கையோட நான் அங்கே கிளார்க். எங்க குடும்பத்துல காலேஜ் படி ஏறின முதல் ஆள் நான்தான். ஆனா நாலு பேர் முன்னாடி வாய் திறக்கவே நடுங்குவேன்.

ஆபரேஷன் தியேட்டர் கட்டியாச்சு. சர்ஜன்தான் நிக்கலை. வந்த ரெண்டு பேரும் எறணாகுளம் பக்கம் போயிட்டாங்க.

அக்காவுக்கு அப்போ ஏழு மாசம். முதல் பிரசவமே எறணாகுளத்துல ஆபரேஷன் பண்ணித்தான். இந்தத் தடவை காயலைத் தாண்டிப் போகப் படகுக்குக் காத்து நிக்க நேரம் இருக்காதுன்னு அங்கே டாக்டருங்க சொல்லிட்டாங்க.

அப்போதான் மதுரையிலிருந்து ஒரு லேடி சர்ஜன் பேச வந்தாங்க.

கமிட்டித் தலைவர் எங்க காதர் மாமா, அம்மாவோட அண்ணன். மிளகு வியாபாரி. எங்க பஜார்ல விலையை வாயால சொல்ல மாட்டாங்க. துண்டுக்கு அடியில கையைப் பிடிச்சு விரலை அழுத்தித்தான் பேரம். சம்பளம் பேசவும் மாமா அதே பழக்கத்துல துண்டைப் போட்டுக் கையை நீட்டிட்டார்.

டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடிச்சு, "என்ன பண்ணுது ஐயா?"ன்னு நாடி பார்த்தாங்க!

மாமா வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டார். "யா அல்லா... ஏ புள்ளே, நீ வந்து நடுவுல உக்காரு"ன்னு, குறிப்பெடுத்துக்கிட்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

துண்டுக்கு அடியில ஒரு கை மாமாகிட்ட, ஒரு கை டாக்டரம்மாகிட்ட. விரலுக்கு நூறு. மாமா மூணு விரல் அழுத்தினார். சிரிப்பை அடக்கிக்கிட்டு அவங்க அஞ்சு. மாமா நாலு... "மோளே, சாயா ஆறிப்போச்சு"ன்னு கமிட்டியில ஒருத்தர் என்கிட்ட. கடைசியில மாமா அஞ்சுக்கு வந்தார்.

டாக்டரம்மா என் காதுல சொன்னாங்க. "பணம் போதும்மா. ராத்திரி கூப்பிட்டா ஓடி வர்ற தூரத்துல வீடு வேணும். இல்லேன்னா நானும் நிக்க மாட்டேன்."

வீட்டுக்கு எங்க பஜார்ல விரல் கிடையாது.

துண்டை எடுத்து மடியில வெச்சேன். "மாமா, எதிர்க்க உங்க கிட்டங்கி மாடி பூட்டித்தானே கிடக்கு? அதை இவங்களுக்குக் கொடுங்க."

என் குரல் எனக்கே புதுசா இருந்தது.

"அது சுக்கு போட வெச்சிருக்கேன்டி."

"சுக்கைத் தள்ளி, சுள்ளிக்கல் பக்கம் ஒரு கிட்டங்கியில கூட வெக்கலாம் மாமா. அக்காவை எங்கே வெக்கிறது?"

மாமா இடுப்பு பெல்ட்டுலேர்ந்து சாவியை எடுத்து மேஜை மேல போட்டார். "இவளை பி.ஏ. படிக்க வெச்சதுக்கு எனக்கு இது வேணும்."

அக்காவுக்கு வலி கண்டப்போ டாக்டரம்மா செருப்பு கூடப் போடாம தெருவைத் தாண்டி ஓடி வந்தாங்க. அன்னைக்குப் பிறந்தவன் இப்போ தாத்தா...

இன்னைக்கு எறணாகுளத்துல கலூர் பக்கம் போனா திரும்பின இடமெல்லாம் ஆஸ்பத்திரி. ஆனா மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் சர்ஜன் கிடைக்கலையாம். கூடுதல் சம்பளம் தர்றோம்னு பேப்பர்ல போடறாங்க, யாரும் வர்றதில்லையாம்.

எண்பது தாண்டியாச்சு, முட்டி வலி வேற. இருந்தாலும் அங்கே சம்பளம் பேசற கமிட்டி எங்கே கூடுதுன்னு யாராவது சொல்லுங்க... பஸ் ஏறி வந்துடறேன்.