நகைக்கடைச் சுவரில் ஒரு துளை

கான்கிரீட்டைத் துளைக்கும் வைர பிட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது என் கல்யாணத்துக்கு முந்தின நாள், தி.நகரில், எங்கள் நகைக்கடை அண்ணாச்சியின் கடைக்குள். எழுபதுகளின் நடுப்பகுதி. நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மணப்பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று என் அத்தை கேட்டதைப் போலவே நீங்களும் கேட்கலாம். நகைகளை வைத்துப் பூட்டும் கான்கிரீட் அறைக்குள் என் தாலி மாட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பக்தியும் பதற்றமும் சரிபாதி கலந்த மனிதர். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அறைக்குள் லட்சுமி படத்துக்கு விளக்கேற்றி, சாவியைப் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிடுவார். அன்று என் நகைகள் வெளியே போகிற நாள் என்பதால் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. வீட்டில் இருந்த இரண்டாவது சாவியையும் கொண்டுவந்து சேர்த்து வைத்தார். கற்பூரத் தட்டோடு வெளியே வந்தவர், ஃபேன் காற்றில் உள்ளே விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று தாமே கதவைச் சாத்தினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது.

எங்களில் பெண்வீட்டார்தான் தாலி செய்வார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோன என் அம்மாவின் தங்கத்தை உருக்கிச் செய்த தாலி அது. "எந்தத் தாலியா இருந்தா என்னம்மா? தாலி தாலிதான். ஷோகேஸ்ல இருக்கறதுல ஒண்ண எடுத்துக்கலாம்" என்றார் அப்பா. அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுடையது இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூட்டுக்காரர் பம்பாயிலிருந்து வர வேண்டும். உளி வைத்து உடைத்தால் முகூர்த்தம் தாண்டிவிடும். அப்பா வேலை பார்த்த கட்டடக் கம்பெனியில் அப்போதுதான் புதிதாகத் துளை போடும் மெஷின் ஒன்று வந்திருந்தது. அடையாறில் குழாய்களுக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்த மெஷின்கார பாயை, மெஷினோடு டாக்சியில் அப்பா ஏற்றிக்கொண்டு வந்தார்.

பிட் என்பது நாலு அங்குல அகலத்தில் ஒரு வெற்று இரும்புக் குழாய். விளிம்பில் மட்டும் கறுப்பாகச் சில பற்கள். வைரம் என்று கேட்டதும் அண்ணாச்சிக்குத் தன் கவலைகூட மறந்துபோயிற்று. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பல் பல்லாகப் பார்த்தார்.

"இத்தன வருசமா வைரம் பாக்கேன், இதுல ஒண்ணும் காணலியேய்யா!"

"தூளா உள்ள கலந்து கீது அண்ணாச்சி. மோதிரத்துக்கு ஆவாது" என்றார் பாய்.

எங்கே துளைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. அண்ணாச்சி லட்சுமி படம் இருக்கும் சுவரை வெளிப்பக்கமிருந்து பார்த்து நின்று, கண்ணை மூடி, இல்லாத கற்பூரத்தைச் சுற்றிக் காட்டி, வலப்பக்கம் குனிந்து சுவரில் குங்குமப் பொட்டு வைத்தார். நான் கத்தினேன்: "அண்ணாச்சி, நீங்க உள்ளே நின்னு இல்ல கும்பிடறீங்க! வெளியேர்ந்து பாத்தா இடதுதான வரும்?" அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பொட்டை இடம் மாற்றினார்.

பிட் சூடேறினால் பல் உதிர்ந்துவிடும், தண்ணீர் நிற்கவே கூடாது என்றார் பாய். கடைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விற்பனையாளர்கள் பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளிக் குடங்களையும் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்துவிட்டார். சுவரிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்தது. கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்புக் கம்பியைத் தொட்டபோது மெஷின் முனகியது. பாய் கையைத் தளர்த்தி, அதன் போக்கில் விட்டார். கடைசியில் உருளையாக ஒரு கான்கிரீட் துண்டு கழன்று வந்தது. துளைக்குள்ளிருந்து கற்பூர வாசனை வந்ததும் அண்ணாச்சி குழந்தை மாதிரி அழுதார்.

ஆண்கள் யாருடைய கையும் முழங்கைக்கு மேல் போகவில்லை. மருதாணி வைத்த என் கைதான் தோள்வரை போனது. பூ, குங்குமம், பிறகு சில்லென்று சாவிக்கொத்து. துளை வழியே வெளியே இழுத்துக் கதவைத் திறந்தோம்.

அண்ணாச்சி தாலியை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்பா இடையில் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எந்தத் தாலியும் தாலிதான் என்ற மனிதர் அதை உள்ளங்கையில் வைத்து மூடினார். "காட்டுங்கப்பா" என்றேன். காட்டவில்லை. டாக்சியில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கை திறக்கவே இல்லை.