டேப் சுற்றிய பட்டன்

சிட்டு என்ற பெயரை அவளுக்கு வைத்ததே அந்தப் பட்டறைதான். தகரத்தை அச்சுக்குள் வைப்பதும் எடுப்பதும் குருவி கொத்துவதுபோல் இருக்கும். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் இறந்த பிறகு நாத்தனாரையும் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வீட்டில் உலை கொதித்தது சிட்டுவின் கையால்தான்.

மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்படியொரு ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் வேலை நகராது. அதனால் ஒரு பட்டனை அமுக்கி, அமுங்கியே இருக்கும்படி டேப் சுற்றிவிடுவார்கள். டேப் கொடுப்பதே சூப்பர்வைசர்தான்.

"ரெண்டு கையையும் வெச்சு அழுத்த இதென்ன பியானோவா? சுத்துங்கம்மா."

எல்லோரும் சிரிப்பார்கள். சிட்டுதான் அதிகம் சிரிப்பாள்.

ஒரு மத்தியானம் அச்சு அவள் வலது கைமேல் இறங்கியது. இரண்டு விரல் போயிற்று.

கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றவளை மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. பாதுகாப்புச் சாதனத்தைக் கெடுத்தவரை அந்த நிமிடமே வெளியே அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். முன்னறிவிப்பும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

"டேப்பு சூப்பர்வைசர் சார்தான் குடுத்தாரு," என்றாள் சிட்டு.

"பெட்டி ஒட்டக் குடுத்தேன். அத நீ பட்டன்ல சுத்துனா நான் என்னம்மா பண்ண?" என்றார் சூப்பர்வைசர், முகம் மாறாமல்.

மேனேஜர் நாத்தனாரைக் கூப்பிட்டார். பக்கத்து மெஷின் அவளுடையது. அவளும் டேப் சுற்றியவள்தான். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் சிட்டுவின் வேலை தப்பும். சிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். அண்ணி கேக்கவே இல்ல."

இல்லாத விரல்கள் இரண்டும் சிட்டுவுக்கு விண்ணென்று வலித்தன.

சாயங்காலம் நாத்தனார் நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய நின்னா யாரு சோறு போடுவா? நீங்களே சொல்லுங்க."

சிட்டு இடக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பாதி தட்டுக்கு வெளியே சிந்திக் கிடந்தது.

"நாளைலேருந்து உங்க மெஷின எனக்குக் குடுத்துட்டாங்க. நான் சுத்துனா டேப்பு நழுவிக்கிட்டே இருக்கு. நீங்க எப்படிச் சுத்துவீங்க? கொஞ்சம் காட்டுங்க அண்ணி."

தட்டுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்தாள். சிட்டு கையைத் துடைத்துக்கொண்டு, நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"இழுத்துப் பிடிச்சுச் சுத்தணும். தொளதொளன்னு விட்டா கழண்டுக்கும்."