சுவருக்குள் போகும் கதவு

ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறை எவ்வளவு சின்னது என்பது, சர்க்கரை நோயால் என் கணவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகுதான் தெரிந்தது. கதவு உட்பக்கமாகத் திறக்கும். வாக்கரோடு உள்ளே போனால் சாத்த முடியாது. வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டலாமென்றால் அடுப்பு மேடை இடித்தது. அதனால் திறந்துபோட்டே குளித்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து கூட்டத்தையே அதட்டியவர், அந்த நேரத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய லாட்ஜை இடித்துக்கொண்டிருந்தார்கள். குப்பையில் கிடந்த அலமாரி ஒன்றின் கதவைச் சும்மா தள்ளிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. இப்படியே ஒரு கதவு சுவருக்குள் போய்விட்டால்?

மேஸ்திரியிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்கக்கா, எல்லாம் குப்பைக்குத்தான் போகுது" என்றார். அலமாரியின் தண்டவாளம், சக்கரங்கள், ஒரு ப்ளைவுட் கதவு எல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கின. குளியலறைச் சுவரையொட்டி நாலு விரல் இடம் விட்டு, எங்கள் பழைய கட்டிலின் சட்டங்களை நிறுத்திப் பலகை அடித்தால், கதவு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

மத்தியானங்களில்தான் வேலை. அவர் படுத்தபடியே அளவு சொல்வார், நான் அறுப்பேன். சன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கும். மாத்திரை மயக்கத்தில் அவர் கண் சொருகும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று முனகுவார். ரம்பத்தின் சத்தத்தில் எனக்கும் அரைத்தூக்கம் வரும். வீடே பஸ்போல நகர்ந்து, உசிலம்பட்டிப் பக்கத்துக் காடுகளைத் தாண்டி எங்கேயோ போவது போலிருக்கும். இறங்க மனசே வராது.

எட்டாம் நாள் பழைய கதவைக் கழற்றிவிட்டு, லாட்ஜ் கதவைத் தொங்கவிட்டோம். ஒரு விரலால் தள்ளினேன். தண்ணீரில் இறங்குவதுபோல் நகர்ந்து, முழுசாகச் சுவருக்குள் மறைந்துவிட்டது. பிடித்து இழுக்க விளிம்பில் ஒன்றுமே வைக்கவில்லை.

"ஏ புள்ள, கதவெங்க?"

"உள்ள போயிருச்சுங்க."

"கூப்பிட்டுப் பாரு, வருதான்னு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு பலகையைக் கழற்றிக் கதவை வெளியே எடுத்தேன். அவர் பீரோவைக் காட்டினார். "என் கண்டக்டர் பை இருக்குல்ல, அந்த வாரை அறுத்து மாட்டு."

"அந்தப் பையையா?"

"இனி எனக்கு எதுக்கு?"

வாரை விளிம்பில் ஆணியடித்து மாட்டினேன்.

மறுநாள் காலை வாக்கரோடு உள்ளே போனார். தோல் வாரைப் பிடித்துக் கதவை இழுத்தார். மூடியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது. நான் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடுப்பில் வழிந்து கிடந்த பாலைப் பார்த்தார். "அம்புட்டு நேரமா ஆயிருச்சு?" என்றார்.

மழைக்காலத்தில் பலகை ஊறிப்போய் கதவு முரண்டு பிடிக்கும். தண்டவாளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுவேன், ஓடும்.